கப்பல் ஏறுவதற்கு முந்தைய இரவு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டிசம்பர் 27 அன்று சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவு சொகுசுக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்திருக்கிறோம். நானும் கணவரும், பதினொன்றும் ஆறும் வயதான இரண்டு பிள்ளைகளும், முழங்கால் வலியுள்ள 72 வயது மாமியாருமாக ஐந்து பேர். திருச்சியிலிருந்து நள்ளிரவு விமானம். கப்பலில் ஏறும் நேரம் பகல் ஒரு மணி. அன்று காலையே போய் இறங்கினால் போதும், ஹோட்டல் செலவு வீண் என்கிறார் பயண முகவர். ஒரு நாள் முன்பே போய் லிட்டில் இந்தியாவில் தங்கு என்கிறார் அங்கே வேலை பார்க்கும் என் தம்பி. இணையத்திலோ துறைமுகத்திலிருந்து ஐந்தே நிமிடம் என்று ஒரு ஹோட்டல் விளம்பரம் வருகிறது. யார் பேச்சைக் கேட்பது? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: உங்கள் தம்பியின் பேச்சை. ஆனால் அதற்கு முன் உங்கள் கப்பல் டிக்கெட்டை எடுத்து, எந்த முனையம் என்று அச்சிட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். சிங்கப்பூரில் சொகுசுக் கப்பல்கள் புறப்படும் முனையங்கள் இரண்டு. ஒன்று, 2012இல் திறக்கப்பட்ட மரீனா பே குரூஸ் சென்டர். அதற்குரிய ரயில் நிலையம் மரீனா சவுத் பியர். மற்றொன்று, விவோசிட்டி பேரங்காடிக்குப் பக்கத்தில் ஹார்பர்ஃபிரண்டில் இருக்கும் சிங்கப்பூர் குரூஸ் சென்டர். பெயரில் ஊரே இருப்பதால் இரண்டாவதுதான் பிரதான முனையம் என்று புதிதாக வருபவர்கள் நினைத்துவிடுகிறார்கள். நானும் ஒருமுறை டாக்சியில் ஏறி, "குரூஸ் சென்டர்" என்று மட்டும் சொன்னேன். "ஹார்பர்ஃபிரண்டா?" என்று ஓட்டுநர் கேட்டதற்குத் தலையையும் ஆட்டிவிட்டேன். இறங்கிப் பார்த்தால், இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் படகேறும் கூட்டத்தின் நடுவே பெட்டிகளோடு நிற்கிறேன். என் கப்பலோ மரீனா பேயில் நிற்கிறது. தவறு முழுவதும் என்னுடையதுதான். மீண்டும் டாக்சி பிடித்துப் போய்ச் சேர்ந்த அந்த இருபது நிமிடங்களை இன்றும் மறக்கவில்லை. "துறைமுகத்திலிருந்து ஐந்து நிமிடம்" என்ற விளம்பரத்தைக் கண்டால், எந்தத் துறைமுகம், நடந்தா, டாக்சியிலா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். மரீனா பே முனையத்தைச் சுற்றிலும் பெரும்பாலும் கடலும் வெட்டவெளியும்தான்.

முகவர் சொல்வதில் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்கிறது. திருச்சியில் இரவு ஒரு மணிக்குக் கிளம்பும் விமானம், ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணத்தையும் இரண்டரை மணி நேர வித்தியாசத்தையும் சேர்த்தால், சிங்கப்பூர் நேரப்படி காலை ஏழரைக்குத் தரையிறங்கும். ஒரு மணிக்குக் கப்பல் ஏற நேரம் தாராளம். எல்லாம் சரியாக நடந்தால்! 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலால் சென்னை விமான நிலையம் மூடப்பட்டு, மறுநாள்தான் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலால் மீண்டும் அதே கதை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் விமானம் தாமதமானால் ஹோட்டல் காத்திருக்கும், கப்பல் காத்திருக்காது. ஏறுவதற்கான பதிவையும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவே முடித்துவிடுவார்கள். ஹோட்டலில் மிச்சம் பிடிக்கும் ஓர் இரவுக் கட்டணத்துக்காக ஐந்து பேரின் கப்பல் கட்டணத்தைப் பணயம் வைக்க வேண்டாம். தவிரவும், இரவு முழுவதும் உட்கார்ந்தே வந்த மூத்தவரை அப்படியே அடுத்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்துவது நியாயமும் அல்ல.

ஆகவே 26ஆம் தேதி காலையிலேயே இறங்கிவிடுங்கள். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நள்ளிரவுக்கு மேல் ஒரு மணிக்குக் கிளம்பும் 26ஆம் தேதி விமானத்துக்கு, நீங்கள் 25ஆம் தேதி இரவே திருச்சி விமான நிலையத்தில் இருக்க வேண்டும். சிங்கப்பூர் ஹோட்டல்களிலோ அறை பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். காலை ஏழரைக்கு இறங்குபவர்கள், பெட்டிகளை ஹோட்டலில் ஒப்படைத்துவிட்டு வெளியே சுற்றலாம். அல்லது 25ஆம் தேதி இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு, வந்தவுடன் படுக்கலாம். மாமியாரை நினைத்து இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தால், "26 காலைதான் வருவோம், அறையை ரத்து செய்துவிடாதீர்கள்" என்று ஹோட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவு ஆள் வரவில்லை என்று அறையை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும் வழக்கம் எந்த ஊரிலும் உண்டு.

இனி, எந்தப் பகுதி என்பது. உள்ளூர்த் தமிழர்கள் தேக்கா என்று சொல்லும் லிட்டில் இந்தியாவிலிருந்தோ, அதை ஒட்டிய ஃபேரர் பார்க்கிலிருந்தோ வடகிழக்குப் பாதை ரயிலில் ஏறினால், மாறாமலே ஹார்பர்ஃபிரண்டில் இறங்கலாம். லிட்டில் இந்தியாவிலிருந்து அது ஐந்தாவது நிறுத்தம். மரீனா சவுத் பியர் போக வேண்டுமானால் டோபி காட் நிலையத்தில் இறங்கி, வடக்கு தெற்குப் பாதைக்கு மாற வேண்டும். வரைபடத்தில் அது ஒரு புள்ளிதான். பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கும்போது அதன் நீளம் தெரியும். எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி இருந்தாலும், நான்கு பெட்டிகளோடும் முழங்கால் வலியோடும் அந்த மாற்றம் வேண்டாம். உங்கள் குடும்பத்துக்கு டாக்சிதான் சரி. டாக்சி என்று முடிவாகிவிட்டால் ரயில் பாதைகளின் கணக்கு முக்கியமில்லாமல் போகிறது. தேக்காவிலிருந்து இரண்டு முனையங்களுக்கும் அரை மணிக்குள் போய்விடலாம்.

சாதாரண டாக்சியில் நான்கு பேர்தான் ஏறலாம். ஆறு பேர் அமரும் பெரிய வண்டியை ஹோட்டலிலேயே முதல் நாள் இரவு சொல்லி வைக்கச் சொல்லுங்கள். செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் காராக இருந்தால், 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்குச் சிறுவர் இருக்கை கட்டாயம். டாக்சிகளுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. உங்கள் ஆறு வயதுப் பிள்ளைக்கு இது பொருந்தும் என்பதால் வண்டியை அழைக்கும்போதே கவனியுங்கள்.

மரீனா பேயில் கடலைப் பார்த்தபடி இருக்கும் அறைக்கு இரண்டு மடங்கு பணம் கொடுக்க வேண்டுமா என்றால், மூன்று நாட்கள் கடலைத் தவிர வேறெதையும் பார்க்கப்போவதில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தைத் தேக்காவில் இரண்டு நல்ல அறைகளுக்குக் கொடுக்கலாம். ஹோட்டலை விட்டு இறங்கினால் சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் கோயிலும், 1947 முதல் நடந்துவரும் கோமள விலாஸும் இருக்கின்றன. மறுநாள் கப்பலில் என்ன கிடைக்குமோ என்ற கவலையில்லாமல் மாமியார் அன்றிரவு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் விடுப்பில் வரும் தொழிலாளர்களால் தேக்கா நிரம்பி வழியும். அது நம் ஊர்த் திருவிழாக் கூட்டம் போன்றதுதான், பயப்பட வேண்டியதில்லை. வார இறுதிகளில் அங்கே பொது இடத்தில் மது அருந்துவதற்கு 2015 முதல் தடையும் இருக்கிறது. கூட்டம் பிடிக்காது என்றால், பிரதான சாலையை விட்டுச் சற்றே விலகிய ஃபேரர் பார்க் பக்கம் பாருங்கள்.

இரண்டு அறைகள் என்றேன். சிங்கப்பூரில் அறைகள் சிறியவை. பெரும்பாலான அறைகளில் இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும்தான் தங்கலாம். ஐந்து பேரை ஓர் அறையில் அடக்கலாம் என்ற நம் ஊர் நம்பிக்கை அங்கே வரவேற்பு மேசையோடு முடிந்துவிடும். உள்ளே கதவு வைத்து இணைத்த இரண்டு அறைகள் வேண்டும் என்று கேளுங்கள். பழைய கடைவீடுகளை மாற்றிக் கட்டிய ஹோட்டல்கள் அப்பகுதியில் நிறைய. படத்தில் அழகாக இருக்கும்; சிலவற்றில் மின்தூக்கி இருக்காது, சில அறைகளுக்கு ஜன்னலே இருக்காது. மின்தூக்கி, ஜன்னல், குளியலறையில் வழுக்காத தரை ஆகிய மூன்றையும் எழுதிக் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே பதிவு செய்யுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியைகள் நாங்கள் இருவர், சிங்கப்பூரில் கப்பல் ஏறுவதற்கு முன் இரண்டு இரவுகள் தங்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு வீடு ஒன்று ஹோட்டலைவிடப் பாதி வாடகைக்குக் கிடைக்கிறது. கேலாங் என்ற பகுதியிலும் மலிவான ஹோட்டல்கள் தெரிகின்றன. எது பாதுகாப்பு? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: அடுக்குமாடி வீட்டை விட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பு வீட்டைக் குறைந்தது மூன்று மாதங்களுக்கும், அரசு கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டைக் குறைந்தது ஆறு மாதங்களுக்கும்தான் வாடகைக்கு விடலாம். இரண்டு இரவுக்கு விடுவது சட்டத்துக்குப் புறம்பானது. "காவலாளி கேட்டால் உறவினர் என்று சொல்லுங்கள்" என்று வீட்டுக்காரர் செய்தி அனுப்பினால், அதற்கு மேல் உங்களுக்கு விளக்கம் தேவையில்லை. கப்பலுக்கு முந்தைய இரவு, பெட்டிகளோடு தெருவில் நிற்கும் நிலை யாருக்கும் வேண்டாம். உரிமம் பெற்ற ஹோட்டலிலேயே தங்குங்கள்.

கேலாங்கில் நல்ல உணவுக் கடைகள் உண்டு, திருட்டுப் பயமும் பெரிதாக இல்லை. ஆனால் அங்குள்ள சில சந்துகள் பாலியல் தொழிலுக்குப் பெயர்போனவை. மணிக்கணக்கில் அறை விடும் ஹோட்டல்களும் உண்டு. இரவு பத்து மணிக்கு வெளியே போய்த் தண்ணீர் பாட்டில் வாங்கிவரத் தயங்கும் இடத்தில் தங்குவதற்கு, மிச்சமாகும் சில வெள்ளிகள் (சிங்கப்பூர் டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஈடாகாது. சைனாடவுன் பக்கம் பாருங்கள். சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. சைனாடவுன் நிலையத்திலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் இரண்டே நிறுத்தம்.

எங்கே தங்கினாலும், வரவேற்பு மேசையில் இரவு முழுவதும் ஆள் இருப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் கதவின் உள்தாழ்ப்பாளையும், பக்கத்து அறைக்குப் போகும் கதவு இருந்தால் அது பூட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். "ஹோட்டலிலிருந்து வருகிறோம்" என்று எவரேனும் தட்டினால், வரவேற்பு மேசைக்குத் தொலைபேசியில் கேட்ட பிறகே திறங்கள். கடவுச்சீட்டைப் பெட்டகத்தில் வைத்தால், காலையில் போட்டுக்கொள்ள வேண்டிய செருப்பில் ஒன்றையும் அதற்குள் வைத்துவிடுவது என் வழக்கம். ஒற்றைச் செருப்போடு எவரும் கப்பலுக்குக் கிளம்ப மாட்டார்கள்.

கேள்வி: இணையத்தில் அறை வாடகை 200 வெள்ளி என்று பார்த்துப் போனேன்; ரசீதில் வேறு தொகை. ஏமாற்றிவிட்டார்களா? (வாசகர், மதுரை)

பதில்: விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தனவா என்று பாருங்கள். முதல் குறி பத்து விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது, 2024 முதல் ஒன்பது விழுக்காடாகியிருக்கும் பொருள் சேவை வரி. சேவைக் கட்டணத்தைச் சேர்த்தால் 220. அந்த 220க்கு வரி 19.80, ஆக 239.80 வெள்ளி. உங்கள் ரசீதில் இந்தத் தொகை இருந்தால் அது ஏமாற்று அல்ல. அதற்கு மேலும் ஒரு தொகை அட்டையில் பிடித்திருந்தால், அது அநேகமாக முன்பணமாக இருக்கும். அறையைக் காலி செய்தபின் விடுவிப்பார்கள். டெபிட் அட்டையில் அது திரும்பிவரப் பல நாட்கள் ஆகலாம் என்பதால், கப்பலில் செலவுக்கு வைத்திருக்கும் அட்டையை ஹோட்டலில் நீட்டாமல் வேறொன்றைக் கொடுங்கள்.