கூட்டமான தீம் பார்க்கில் ஒரே நாள்: இராமநாதபுரம் கடற்கரையிலிருந்து குடும்பத்தோடு போய்வருவது எப்படி?

தேவிபட்டினத்திலிருந்து வேன் பிடித்து, நாலு பிள்ளைகள், ஒரு அப்பத்தா உட்பட பத்துப் பேர் மதுரை அதிசயம் பார்க்குக்குப் போய் அன்றைக்கே திரும்பணும், வரிசையிலேயே பொழுது போய்விடக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் உங்க பக்கம்தான், அதனால் நம்ம ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன்.

முதலில் எந்த நாள் என்று முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்குப் போகிற ஆட்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள், பிள்ளைகளுக்கும் மே மாதம் லீவு, அதனால் ஊரே மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கிளம்புகிறது, மதுரைக்காரர்களும் திண்டுக்கல்காரர்களும் அன்றைக்கேதான் வருகிறார்கள். என்னைக் கேட்டால், ஜூனில் பள்ளி திறந்த பிறகு, தடை முடிவதற்குள் வருகிற ஒரு செவ்வாயோ புதனோ போங்கள். நோட்டுக்கு அட்டை போடுகிற வாரத்தில் ஒரு நாள் லீவு எடுத்தால் குடி முழுகிவிடாது (வாத்தியார்கள் யாராவது இதைப் படித்தால் மன்னிக்கவும்). அதற்காக வாரநாள் என்றாலே காலியாக இருக்கும் என்றும் நம்பாதீர்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னும் பின்னும் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வரிசையாக வந்து நிற்கும், ஒரு பஸ்ஸிலிருந்து இறங்குகிற கூட்டம் ஒரு ரைடை ஒரு மணி நேரத்துக்குப் பிடித்துக்கொள்ளும்.

பார்க் இருப்பது பரவையில், திண்டுக்கல் ரோட்டில். பரமக்குடி, மானாமதுரை வழியாகப் போய் விரகனூரில் சுற்றுச்சாலையைப் பிடித்துவிடுங்கள், மதுரை ஊருக்குள் நுழைந்தால் காலை நேரத்து டிராபிக்கில் நிற்க வேண்டியதுதான். நின்று நின்று போனாலும் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் கதவு திறப்பதற்கு அரைமணி முன்னாலேயே அங்கே இருக்கிற மாதிரி கிளம்புங்கள், திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் சட்டென்று ஏறிவிடுகிற ரைடுகளில் மதியத்துக்கு மேல் ஏற ரொம்ப நேரம் ஆகும். உள்ளே போனதும் வாசலுக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்து நிற்காதீர்கள், எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். நேரே கடைசிக்குப் போய் அங்கிருந்து முன்னால் வாருங்கள்.

நனையாத ரைடுகளை எல்லாம் முதலில் முடித்துவிடுங்கள். ஈரத் துணியோடு பல ரைடுகளில் ஏற்ற மாட்டார்கள், நடுவில் உடை மாற்றினால் பத்துப் பேருக்கு ஒரு மணி நேரம் போய்விடும். தண்ணீரில் இறங்க நைலான் துணி கேட்பார்கள், அங்கே போய் வாங்காமல் இராமநாதபுரத்திலேயே வாங்கிவிடுங்கள். பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். பெரிய ரைடுகளுக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு, சில பார்க்குகளில் 140 செ.மீ. வரை கேட்கிறார்கள், வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றபின் சின்னவனைத் திருப்பி அனுப்பினால் அவன் அழுகையை அடக்கவே அரைமணி ஆகும்.

நேரம் எங்கே போகிறது தெரியுமா? "மாமா எங்கே, அத்தை எங்கே, எல்லாரும் வரட்டும்" என்று காத்து நிற்பதில்தான். பத்துப் பேரும் ஒன்றாகவே சுற்றணும் என்கிற ஆசையை விட்டுவிடுங்கள். பெரியவர்களும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரு குழு, சின்னவர்களோடு இரண்டு பேர், அப்பத்தாவுக்கு நிழலில் ஒரு பெஞ்சு, மதியம் இரண்டு மணிக்கு எல்லாரும் அந்த பெஞ்சுக்கு வந்துவிடணும், அவ்வளவுதான். போனை லாக்கரில் வைத்துவிடுவீர்கள், அதனால் இடமும் நேரமும் வாய்ப்பேச்சிலேயே முடிவாகியிருக்கணும். இரண்டு மணி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு, பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார இடம் கிடைக்காது. வெளிச்சாப்பாடு உள்ளே விட மாட்டார்கள் என்பதால் கட்டிக்கொண்டு போகிற புளிச்சோற்றை வாசலுக்கு வெளியே வேனிலேயே சாப்பிட்டுவிட்டு நுழையுங்கள், இரண்டு மணி வரை பசி தாங்கும்.

மெஷின் வைத்து அலை எழுப்புகிற அலைக்குளத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். நம்ம வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் பெரிய அலை கிடையாது, அதனால் கடலோரத்துப் பிள்ளைகள் என்றாலும் அலையில் ஆடிப் பழகியிருக்க மாட்டார்கள், ஆனால் "எங்களுக்குத் தெரியாத தண்ணியா" என்ற நினைப்பு மட்டும் நிறைய இருக்கும். ஒரு பெரியவர் கூடவே இறங்கணும்.

சென்னையில் இருக்கிற வொண்டர்லா தீம் பார்க்குக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2025 டிசம்பரில் திறந்தது, திருப்போரூர் பக்கம். இராத்திரி ரயிலேறி செங்கல்பட்டிலோ தாம்பரத்திலோ இறங்கினால் முடியும்தான், ஆனால் போக ஒரு இரவு, வர ஒரு இரவு, அப்பத்தாவை வைத்துக்கொண்டு வேண்டாம். பிள்ளைகள் வளர்ந்தபின் பார்க்கலாம். அங்கே வரிசையைத் தாண்டிப் போகக் கூடுதல் காசுக்கு டிக்கெட் தருகிறார்கள், கூட்டமில்லாத நாளில் அது தண்டச் செலவு.

சாயங்காலம் மூடுவதற்கு முக்கால் மணி முன்னாலேயே தண்ணீரை விட்டு ஏறிவிடுங்கள், கடைசி மணி அடித்தபின் உடை மாற்றும் அறையில் நிற்கிற கூட்டம் எந்த ரைடிலும் இருக்காது. டிரைவருக்கும் டிக்கெட் எடுத்து உள்ளே கூட்டிப்போக வேண்டாம், நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுத்து வேனிலேயே தூங்கச் சொல்லுங்கள், இராத்திரி நீங்கள் எல்லாரும் தூங்கிவிடுவீர்கள், அவர் ஒருத்தர்தான் முழித்திருக்கணும்.