காய்ச்சலுக்குப் பின் முடி கொட்டினால் யாரைப் பார்ப்பது?

கேள்வி: நான் 34 வயதுப் பெண், குடியாத்தத்தில் வசிக்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன் டெங்கு காய்ச்சல் வந்து குணமானது. இப்போது தலை வாரினால் முடி கொத்துக் கொத்தாக வருகிறது. வேலூரில் ஒரு முடி சிகிச்சை நிலையத்தில், எட்டு முறை பி.ஆர்.பி. ஊசி (நம் இரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த, தட்டணுக்கள் நிறைந்த திரவத்தைத் தலையில் செலுத்துவது) போட வேண்டும் என்று சொல்லி முன்பணம் கேட்கிறார்கள். உறவினர்களோ பெங்களூருக்குப் போகச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முன்பணம் கட்ட வேண்டாம்; பெங்களூர்ப் பயணமும் இப்போது தேவையில்லை. முடி கொட்டுவது என்பது ஒரே நோயன்று. எந்த வகை என்று தெரியாமல் தொடங்கும் சிகிச்சை பணத்தைக் கரைக்குமே தவிர முடியைக் காக்காது.

நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல இயலாது என்றாலும், நீங்கள் எழுதியிருப்பது ‘டெலோஜன் எஃப்ளூவியம்’ என்னும் வகையைப் போலத் தோன்றுகிறது. கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி போன்றவற்றால் உடல் தளரும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் கணிசமானவை ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குச் சென்றுவிடுகின்றன. அவை உதிர இரண்டு மூன்று மாதங்கள் ஆவதால், காய்ச்சலை நாம் மறந்துவிட்ட பிறகே கொட்டத் தொடங்குகிறது. பழியை உப்புத் தண்ணீரின் மேல் போடுவது நம் மாவட்டத்தில் வழக்கம். உப்புத் தண்ணீர் முடியை வறட்டி இடையில் முறிக்கலாம். ஆனால் உதிர்ந்த முடியின் நுனியில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து வந்த முடி, தண்ணீர் அதற்குக் காரணமன்று. இவ்வகையில் வேர்கள் அழிவதில்லை என்பதால், பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் உதிர்வது தானாக அடங்கும். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும் முடி பழைய நீளத்தை எட்ட இன்னும் நாளாகும். திருத்தணிக்கோ திருப்பதிக்கோ வேண்டிக்கொண்டு மொட்டை போடுவது உங்கள் பக்தியைப் பொறுத்தது. அதனால் முடி அடர்த்தியாக முளைப்பதில்லை.

இதற்கு பி.ஆர்.பி. ஊசி தேவைப்படாது. வகிடு ஆண்டுக்கணக்கில் அகன்றுகொண்டே போகும் பரம்பரை வகையில்தான் அதைச் சிலருக்குப் பரிந்துரைக்கிறோம், அங்கும் முதல் மருந்து மினாக்ஸிடில் தான். வட்டமாக, வழவழப்பாக முடி போயிருந்தால் அது புழுவெட்டு. புழுவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. உடலின் எதிர்ப்பாற்றலே முடி வேரைத் தாக்குவதால் வருவது. கண்டதைத் தேய்த்து அந்த இடத்தைப் புண்ணாக்கிக்கொண்டு வருபவர்களை இன்றும் பார்க்கிறேன்.

பார்க்க வேண்டியவர் தோல் நோய் மருத்துவர். எம்.பி.பி.எஸ். படிப்புக்கு மேல் தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமோ பெற்றவரா, மருந்துச் சீட்டில் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் உள்ளதா என்று பாருங்கள். ‘ட்ரைக்காலஜிஸ்ட்’ (முடி நிபுணர்) என்ற பலகை மட்டும் போதாது. வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையிலும் தோல் நோய்ப் பிரிவுகள் உள்ளன. குடியாத்தத்திலிருந்து காலையில் பேருந்து ஏறினால் பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிடலாம். அரசு மருத்துவமனையில் செலவைப் பற்றிய அச்சமும் வேண்டாம்.

அங்கே பெரும்பாலும் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), தைராய்டு ஆகிய இரத்தப் பரிசோதனைகளைச் செய்யச் சொல்வார்கள். மாதவிடாயில் இரத்தப்போக்கு அதிகமென்றால் அதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பெண்களுக்கு முடி கொட்டுவதில் இரும்புச்சத்துக் குறைவுக்குப் பங்கு இருக்கலாம். கர்ப்பத்துக்கு முயன்றுகொண்டிருந்தாலும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் முடி கொட்டுவதற்கு ஆண்களுக்குத் தரும் ஃபினாஸ்டிரைடு மாத்திரை கர்ப்பத்தில் இருக்கும் ஆண் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. வீட்டில் யாராவது சாப்பிடுகிறார்கள் என்று அதை வாங்கி விழுங்கிவிடாதீர்கள். முடிக்காகக் கடையில் விற்கும் பயோட்டின் மாத்திரை ஏதேனும் சாப்பிட்டு வந்தால், அது தைராய்டு பரிசோதனையின் முடிவைத் தவறாகக் காட்டக்கூடும் என்பதால், எத்தனை நாள் முன்னதாக நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு இரத்தம் கொடுங்கள்.