கைதட்டிவிட்டுக் கலைந்து போகிறார்களே!

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் எங்கள் மகளிர் குழுவும் ஊர் இளைஞர்களும் சேர்ந்து குழந்தைத் திருமணத்துக்கு எதிராக வீதி நாடகம் போட்டோம். நல்ல கூட்டம், நல்ல கைதட்டல். ஆனால் அடுத்த முகூர்த்தத்திலேயே அதே ஊரில் பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தாலி கட்டினார்கள். மறுபடி போடுவதில் பயன் உண்டா?

பதில்: உண்டு, முடிவை மாற்றினால். கடைசிக் காட்சியில் ஓர் அதிகாரியோ ஆசிரியையோ வந்து திருமணத்தை நிறுத்தியிருப்பார், அப்பா மனம் திருந்தியிருப்பார் என்று ஊகிக்கிறேன். பிரச்சினையை நீங்களே தீர்த்துவிட்டால் பார்க்க வந்தவர்களுக்குக் கைதட்டுவதைத் தவிர என்ன வேலை? இந்த முறை நாடகம் தோல்வியில் முடியட்டும்.

பிரேசில் நாடகக்காரர் அகுஸ்தோ போவால் 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில் வேலை செய்தார். கணவனால் ஏமாற்றப்பட்ட பெண் என்ன செய்யலாம் என்று பார்வையாளர்களைக் கேட்டு, அவர்கள் சொன்னதை நடிகர்கள் நடித்துக் காட்டினார்கள். ஒரு பெண்மணிக்கு மட்டும் எதுவும் பிடிக்கவில்லை. ‘நீங்களே வந்து செய்யுங்கள்’ என்றதும் மேடையேறியவர், கணவனாக நடித்தவரைத் துடைப்பத்தால் விளாசிவிட்டார். பார்ப்பவர்களே மேடையேறிக் கதையை மாற்றிப் பார்க்கும் மன்ற அரங்கு (ஃபோரம் தியேட்டர்) இப்படித்தான் பிறந்தது என்று போவால் சொல்வார்.

நீங்களும் இதையே செய்யலாம். பதினைந்து, இருபது நிமிடக் கதை போதும். ஆனால் தாலி கட்டும் காட்சியில் நிறுத்தாதீர்கள். அப்போது யாராலும் எதுவும் செய்ய முடியாது. பெண் பள்ளியிலிருந்து நிற்பது, தரகர் வருவது, மாப்பிள்ளை வீட்டார் பூ வைக்க வருவது என்று இன்னும் இடம் இருக்கும் நேரங்களைக் காட்டுங்கள். சிறுமிக்கு வீட்டில் வாய் திறக்கவே உரிமை இருக்காது. அதனால் அம்மா, அத்தை, அண்ணன், வகுப்புத் தோழி என்று தயங்கி நிற்கும் ஆட்கள் கதையில் வேண்டும். ஒருமுறை முழுதாக நடித்த பிறகு முதலிலிருந்து தொடங்குங்கள். பார்ப்பவர் யாரும் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்லி, அந்தச் சிறுமியாகவோ தயங்கி நின்றவராகவோ வந்து நடிக்கலாம். அப்பாவை மட்டும் மாற்றக்கூடாது. அவரை நல்லவராக்கிவிட்டால் சிக்கலே மறைந்துவிடும்.

அப்பாவாக நடிப்பவர்தான் இதில் முக்கியம். அவரை மீசை முறுக்கும் வில்லனாக்க வேண்டாம். பெண் யாரையாவது காதலித்துவிடுவாளோ என்ற பயம், மேல்நிலைப் பள்ளிக்குப் பஸ் இல்லாதது, வயது ஏற ஏறக் கூடும் சீர், தாய்மாமன் வீட்டுப் பேச்சு, எல்லாம் அவர் வாயில் வர வேண்டும். மேடையேறுபவரிடம் அவர் எளிதில் தோற்கவும் கூடாது. ஒத்திகையில் பெரும்பகுதியை இதற்கே செலவிடுங்கள்.

நடிகர்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவே நின்று நிகழ்ச்சியை நடத்த ஒருவர் வேண்டும். கூத்தில் கட்டியங்காரன் போலக் கூட்டத்தோடு பேசத் தெரிந்தவராக இருந்தால் நல்லது. ‘இது நம் ஊரில் நடக்குமா?’ என்று கேட்பதோடு அவர் நிறுத்திக்கொள்ள வேண்டும். பிரமுகர் உரை, பொன்னாடை எல்லாவற்றையும் வேறொரு நாளைக்குத் தள்ளிவிடுங்கள். மைக் ஒருமுறை அவர்கள் கைக்குப் போனால் திரும்பாது.

ஊரில் அண்மையில் நடந்த திருமணத்தின் சாயல் கதையில் இருக்கக்கூடாது. அந்தப் பெண்ணும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். நாடகம் முடிந்ததும் யாராவது ஒரு சிறுமி தனியாகப் பேச வந்தால் யாரிடம் அழைத்துப் போவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண். மாவட்ட சமூக நல அலுவலரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஏற்கெனவே திருமணமாகிவிட்ட சிறுமிக்கும் வழி உண்டு: 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினெட்டு வயது முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகும் வரை நீதிமன்றத்தில் மனுப் போட்டு அந்தத் திருமணத்தை ரத்து செய்ய முடியும்.

பத்து ஊர்களில் ஒவ்வொரு முறை போடுவதைவிட ஒரே ஊருக்குப் பலமுறை போங்கள். மேற்கு வங்கத்தில் 1985 முதல் இயங்கும் ஜன சம்ஸ்க்ருதி என்ற மன்ற அரங்குக் குழு அப்படித்தான் வேலை செய்கிறது. முதல் தடவை இளைஞர்கள் மட்டும் மேடையேறுவார்கள். அம்மாக்கள் எழுந்து வர இரண்டு மூன்று தடவையாவது ஆகும்.