கட்டி தட்டாத களி

அன்புள்ள அம்மா,

எனக்கு ஊர் பென்னாகரம் பக்கம். ஓசூர் சிப்காட்டில் வேலை, தனியாக ரூம் எடுத்திருக்கிறேன். மகள் என் அம்மாவிடம் இருக்கிறாள். ராத்திரி களி தின்றால்தான் வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் இண்டக்‌ஷன் அடுப்பில் கிண்டினால் கட்டி தட்டி, உள்ளே பச்சை மாவாக நிற்கிறது. அம்மாவைக் கேட்டால் "பதம் பார்த்துக் கொட்டு" என்கிறார். அளவு சொல்வீர்களா?

வாசகி, ஓசூர்

அன்புள்ள வாசகிக்கு,

அம்மா சொல்லும் பதம் அவருடைய சட்டியும் விறகடுப்பும் பழக்கிக் கொடுத்தது. நீங்கள் டம்ளரில் தொடங்குங்கள். கேழ்வரகு மாவு ஒரு டம்ளர், அரிசி நொய் கால் டம்ளர், தண்ணீர் மூன்று டம்ளர், உப்பு அரை ஸ்பூன். இரண்டு உருண்டை வரும்.

அரை டம்ளர் தண்ணீரை எடுத்து வைத்துவிட்டு, மீதி கொதித்ததும் உப்பும் கழுவிய நொய்யும் போட்டு, மூடி, குழைய வேகவிடுங்கள். நொய் அரைவேக்காடாக இருக்கும்போது மாவு விழுந்தால் தண்ணீரை எல்லாம் மாவே குடித்துவிடும். நொய் கடைசிவரை நறநறக்கும்.

கட்டிக்குக் காரணம், மாவைக் கொட்டிய கையோடு கிண்டுவது. கொதிநீர் பட்ட மாவின் மேல்பக்கம் உடனே வெந்து பசையாகி, உள்ளே தண்ணீர் போக விடாமல் அடைத்துக்கொள்கிறது. அதனால் இரண்டு ஸ்பூன் மாவை மட்டும் அந்த அரை டம்ளர் பச்சைத் தண்ணீரில் கரைத்து முதலில் ஊற்றுங்கள். அது கஞ்சியாகக் கொதித்து வரும்போது மிச்ச மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிண்டவே கூடாது. களி கிண்டும் மரத்துடுப்பின் காம்பால் குவியலின் நடுவே அடிவரை ஒரு ஓட்டை போட்டால் கஞ்சி அதன் வழியே மேலே பொங்கி மாவை நனைக்கும். தீயைக் குறைத்து, மூடி, ஏழெட்டு நிமிடம் விடுங்கள்.

இண்டக்‌ஷனில் மெல்லிய பாத்திரம் வேண்டாம், நடுவில் மட்டும் அடிபிடிக்கும். தட்டையான கனத்த அடியுள்ள குக்கர் நல்லது, வெயிட்டும் மூடியும் இல்லாமல் ஒரு தட்டால் மூடினால் போதும். பிடி இருப்பதால் கிண்டவும் வசதி. அடுப்பிலேயே வைத்து மல்லுக்கட்டாதீர்கள். கீழே இறக்கி, ஈரத்துணி மேல் வைத்து, இடது கையால் பிடியை அழுத்திக்கொண்டு பக்கச்சுவரில் தேய்த்துக் கிண்டுங்கள். துடுப்பு இல்லையென்றால் சப்பாத்திக் கட்டை. கரண்டி வளைந்துவிடும். மறுபடி மூடி மூன்று நிமிடம் சிறுதீயில். ஈர விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் அம்மா சொல்லும் பதம்.

இளகிப் போனால் மாவு தூவாதீர்கள், திரும்பக் கட்டிதான். திறந்துவைத்துச் சிறுதீயில் கிண்டினால் இறுகும். கெட்டியானால் வெந்நீர் தெளியுங்கள்.

மாவு ஊரிலிருந்தே வரட்டும். தருமபுரி ரேஷனில் 2023 முதல் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வாங்கலாம். கல் பார்த்துக் கழுவிக் காயவைத்து அரைக்கச் சொல்லுங்கள். மில்லில் இருந்து வரும் மாவு சூடாக இருக்கும், நன்றாக ஆறவிட்டுத்தான் பையில் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் வேர்த்துப் பூசணம் பிடிக்கும். மாதக்கணக்கில் வைத்த மாவு கசக்கும், மாதத்துக்கு வேண்டியதை மட்டும் கேளுங்கள்.

நனைத்த கிண்ணத்தில் களியைப் போட்டு ஒரு சுழற்று சுழற்றினால் உருண்டுகொள்ளும். ஒன்றைச் சுடச்சுடத் தின்றுவிட்டு, மற்றதைத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தோடு குடித்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பலாம். அங்கே அம்மா மகளுக்கு உருட்டும் நேரத்தையே நீங்களும் உருட்டும் நேரமாக வைத்துக்கொண்டு, போனைப் பக்கத்தில் சாய்த்து வையுங்கள்.