டபிள்யூடபிள்யூஇ 2கே25 வாங்கலாமுங்களா? இந்த வாரக் கேள்வி பதில்

கேள்வி: ஏனுங்ணா, நான் ஈரோடு. பையனுக்குப் பன்னெண்டு வயசு ஆகுது. வீட்ல பிஎஸ்5 இருக்கு, இப்ப டபிள்யூடபிள்யூஇ 2கே25ங்கற மல்யுத்த கேமு வேணும்னு மூணு மாசமா ஒரே நச்சு. நோம்பிக்கு மாமன் பசங்க வந்தா ஒட்டுக்கா விளையாடலாம்ங்கறான். அத்தனை காசு குடுக்கற அளவுக்கு அதுல என்னங்க இருக்குது?

பதில்: அண்ணா, உங்க பையன் கடைசியா சொன்னான் பாருங்க, நோம்பிக்கு ஒட்டுக்கா விளையாடறதுன்னு, அதுக்காகன்னா தாராளமா வாங்கலாமுங்க. தனியா ரூமுக்குள்ள உக்காந்து விளையாடறதுக்குன்னா நான் சித்தெ யோசிப்பேன்.

பொங்கலுக்கு எங்க ஊட்ல நடந்ததைச் சொல்றேன். ஒறம்பரை பூரா வந்திருந்தாங்க, கண்ட்ரோலர் எங்களுது ரெண்டு, பக்கத்து வூட்ல வாங்கினது ரெண்டு, அதுல ஒண்ணு ஸ்டிக் தானா இடது பக்கம் இழுக்கும். நாலு பேரு லேடர் மேட்ச் போட்டாங்க, மேல தொங்கற பெல்ட்டை ஏணி ஏறிக் கழட்டறவன் ஜெயிப்பான். அண்ணன் பையன் ஏணி மேல ஏறி பெல்ட்டைத் தொட்டுட்டான், அதைக் கழட்டறதுக்குள்ள எங்க சின்னவன் கீழ இருந்து ஏணியைத் தள்ளி உட்டுட்டான், அவன் போய் கயித்து மேல உழுந்து வெளிய போனான், சமையல்கட்டுல இருந்து அமத்தா என்னமோ ஏதோன்னு ஓடி வந்துருச்சு. அந்த சத்தம் இருக்குதுல்லங்க, அதுக்குத்தான் காசு.

ரிங்குக்குள்ள நடக்கறதைப் பொறுத்தவரை குறை சொல்றதுக்குப் பெருசா ஒண்ணும் இல்லை. அடி, பலமான அடி, பிடி, மூணுக்கும் மூணு பட்டன், எதிராளி அடுத்து எதை அமுக்குவான்னு கணிச்சு அதே பட்டனை நீங்களும் அமுக்குனா அவனோட தொடர் அடி, அதான் காம்போ, உடைஞ்சு போயிரும், இதுபோக முக்கோண பட்டனைச் சரியான நேரத்துல தட்டுனா அவன் அடியைத் தடுத்துத் திருப்பற ரிவர்சல். புதுசா கத்துக்கறவனும் பத்து நிமிசத்துல ரெண்டு அடி அடிச்சுருவான். பிடிச்சுக்கிட்டு முறுக்கற செயின் ரெஸ்லிங் நடுவுல காணாம போயிருந்துச்சு, 2கே25ல திரும்ப வந்திருக்கு. ஆம்பளை பொம்பளை மோதற மேட்ச்சும் உண்டு. ஆளுங்க 300க்கு மேலன்னு கணக்குச் சொல்றாங்க, ஆனா ஒரே ஆளே பழைய ட்ரெஸ்ல ஒண்ணு, புது ட்ரெஸ்ல ஒண்ணுன்னு வர்றதெல்லாம் அதுல சேத்தி. ஷோகேஸ்னு ஒண்ணு, மல்யுத்த வீரர் ரோமன் ரெயின்ஸோட சமோவன் குடும்பத்துக் கதை, அவருக்கு மேனேஜரா இருந்த பால் ஹேமன் கூடவே வந்து சொல்லிக்கிட்டே போவாரு. நம்மளை மாதிரி அந்தக் காலத்துல அதே குடும்பத்து யோகோசூனாவைப் பாத்து வாயைப் பொளந்த கூட்டத்துக்கு அது நல்லாவே இருக்கும்.

இனி குறை. தி ஐலண்ட்னு ஒரு மோடு வச்சிருக்காங்க, 2கே25க்குப் புதுசுன்னு அதைத்தான் பெருசா தம்பட்டம் அடிச்சாங்க. உள்ள போனா கடைவீதி மாதிரி இருக்குது. நம்ம ஆளோட பலத்தை ஏத்தணும்னா விசின்னு ஒரு காசு, அதை விளையாடியும் சேக்கலாம், ஆனா அது எறும்பு சக்கரை சேக்கற கதை, சீக்கிரம் வேணும்னா நெஜக் காசைப் போடுன்னு சொல்லாம சொல்றாங்க. பேசறவங்களுக்குக் குரல்கூட இல்ல, படத்தைக் காட்டி எழுத்தைப் போட்டு உட்டுட்டாங்க. முழு விலை வாங்கின கேமுக்குள்ள இன்னொரு கல்லாப்பெட்டி எதுக்குன்னு எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. வீரருங்க கார்டு சேக்கற மைஃபேக்சன் மோடுல கார்டு பாக்கெட் பிரிக்கறதும் இதே லொள்ளுதான். நம்ம காலத்து ட்ரம்ப் கார்டு ஒரு கட்டு வாங்குனா கிழியற வரைக்கும் நம்மளுது, இது அப்படி இல்லீங்க. அதனால பையன் அக்கவுண்ட்டை பிஎஸ்5 ஃபேமிலி செட்டிங்ல சேத்து மாசச் செலவு லிமிட்டை ஜீரோவுல வச்சுட்டு அப்புறம் டிஸ்கைக் கையில குடுங்க.

வயசு பத்தி: அமெரிக்காவுல இதுக்கு டீன் ரேட்டிங், அதாவது பதிமூணுக்கு மேல. ரத்தம் வர்றதை செட்டிங்ஸ்ல அணைச்சுக்கலாம். ஆனா நானெல்லாம் டிவில அண்டர்டேக்கரைப் பாத்துட்டு தம்பியைக் கயித்துக் கட்டில் மேல கழுத்தைப் புடிச்சுத் தூக்கி அடிச்சு கட்டில் சட்டம் ஒடைஞ்சு அப்பாகிட்ட வெளக்குமாத்துல வாங்கினவன், அதனால வீட்ல கட்டிலை மட்டும் பாத்துக்குங்க.

டவுன்லோடு வேணாம், டிஸ்க்காவே வாங்குங்க. டிஸ்க்குன்னா நாளைக்கு வித்தா பாதிக் காசாவது தேறும். பிளேஸ்டேஷன் ஸ்டோர்ல வாங்கினது ஒருக்கா டவுன்லோடு ஆரம்பிச்சுட்டா ரீஃபண்ட் பொதுவா கிடைக்காது, தொடாம வச்சிருந்தாத்தான் 14 நாளைக்குள்ள கேக்கலாம். பழைய டிஸ்க் வாங்கறதுன்னா உள்ள இருக்கற, ஒருக்காத்தான் போட முடியற போனஸ் கோடு நம்பருக்குத் தனியா காசு குடுத்துராதீங்க. நான் ஒரு கடையில கோடு இன்னும் போடலீங்கன்னு சொன்னாங்களேன்னு 500 ரூவா சேத்துக் குடுத்துட்டு வந்தேன், வீட்ல வந்து சுரண்டிப் போட்டா ஏற்கனவே யூஸ் பண்ணியாச்சுன்னு வருது, திரும்பப் போய்க் கேட்டா பில்லு எங்கன்றாங்க. பில்லு நான் வாங்கவே இல்ல. புது டிஸ்க்குன்னா அட்டையில ஒட்டியிருக்கற எம்ஆர்பிக்கு மேல ஒரு ரூவா கேட்டாலும் நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடலாம், அதுக்கும் பில்லு வேணும்.

கேள்வி: திருப்பூர்ல இருந்து. எங்கிட்ட 2கே24 இருக்குங்ணா. 2கே25க்கு மாறட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. பனியன் கம்பெனி போனஸை இதுல கொண்டுபோய்க் கொட்டாதீங்க. மேனேஜரா இருந்து ஷோ நடத்தற மைஜிஎம் மோடை நண்பர்களோட ஆன்லைன்ல ஆடணும்னு துடிப்பா இருந்தா மட்டும் யோசிங்க, அது 2கே25லதான் வந்துச்சு. மத்தபடி சண்டை கிட்டத்தட்ட அதேதான்.

ஆனா ஒண்ணு மறந்துராதீங்க, இந்த கேமுக்கெல்லாம் சர்வர் ஆயுசு கம்மி. 2கே22 வந்தது 2022 மார்ச்ல, சர்வரை 2024 ஜனவரியில மூடிட்டாங்க, ரெண்டு வருசம்கூட முழுசா ஓடலை. மூடுனா ஆன்லைன் மேட்ச் போச்சு, மத்தவங்க செஞ்சு வச்ச ஆளுங்களை எறக்கறதும் போச்சு. அதனால புடிச்ச ஆளுங்களை இப்பவே எறக்கி வச்சுக்குங்க.

கேள்வி: பொள்ளாச்சிங்க, காலேஜ் படிக்கறேன். லேப்டாப்ல ஓடுமா?

பதில்: ஜிடிஎக்ஸ் 1060 அளவுக்காவது கிராஃபிக்ஸ் கார்டு, 8 ஜிபி ராம், 90 ஜிபி காலி எடம். ஹாஸ்டல் வைஃபைல அந்த 90ஐ எறக்கறதுக்குள்ள செமஸ்டரே முடிஞ்சுரும். பிசில தி ஐலண்ட் கெடையாது, நான் அதை நல்லதுன்னுதான் சொல்லுவேன். ஸ்டீம்ல வாங்குனா 14 நாளைக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்குக் கம்மியா ஆடியிருந்தா காசு திரும்பி வந்துரும், அதனால மொத அரை மணியில எட்டுப் பேரை ரிங்குல ஏத்திப் பாருங்க, திக்கித் திணறுனா உடனே ரீஃபண்ட் போட்டுருங்க.

கேள்வி: கோபில ஒரு கடையில 300 ரூவாய்க்கு போன்லயே 2கே25 ஏத்தித் தரேன்றாங்க. நெஜமா அண்ணா?

பதில்: அட கெரகமே. 2கே25ன்னு போன்ல ஏத்திக் குடுக்கறது பெரும்பாலும் 2010ல பிஎஸ்பிங்கற கையடக்க கேம் மெசினுக்கு வந்த ஸ்மாக்டவுன் வெர்சஸ் ரா 2011ங்க, ட்ரெஸ்ஸையும் மூஞ்சியையும் மாத்தி ஒட்டியிருப்பாங்க. அந்த மெசின் மாதிரியே போனை நடந்துக்க வைக்கற எமுலேட்டர் ஆப்ல ஓடும், விளையாடவும் செய்யும், அதை மறுக்கலை. ஆனா அது திருட்டு காப்பி, அதுக்கு 300 ரூவா வேற.

கேள்வி: நான் கோயமுத்தூருங்க, முப்பத்தஞ்சு வயசு. பிஎஸ்2ல ஹியர் கம்ஸ் த பெயின் ஆடின ருசி எதுலயுமே வரமாட்டேங்குது. இப்ப எதை வாங்கறது?

பதில்: ஆஹா, நம்ம ஆளு! 2003ல வந்த கேமு, ரிங்கை உட்டு வெளிய ஓடி டைம்ஸ் ஸ்கொயர் வரைக்கும் போய் அடிச்சுக்கலாம், எலிமினேஷன் சேம்பர் கூண்டு அதுலதான் மொதல்ல வந்துச்சு. அதைச் செஞ்சது யூக்ஸ்ங்கற ஜப்பான் கம்பெனி, 2கே19 வரைக்கும் அவங்க கைதான். அவங்க கை உட்டதும் வந்த 2கே20 எப்படி நாறுச்சுன்னு ஞாபகம் இருக்கும், முடி தனியா பறக்கும், ஆளு தரைக்குள்ள எறங்கிப் போவான், அடுத்த வருசம் கேமையே நிறுத்தி வச்சுட்டாங்க. 2கே22ல இருந்துதான் மறுபடி எழுந்திரிச்சாங்க.

அதே யூக்ஸ்தான் 2023ல டபிள்யூடபிள்யூஇக்குப் போட்டிக் கம்பெனியான ஏஇடபிள்யூவோட ஃபைட் ஃபார்எவர் கேமும் செஞ்சாங்க. வேகம், குறும்பு எல்லாம் அந்தப் பழைய வாசம் அடிக்கும், நாலு பேரு ஒட்டுக்கா ஆடலாம். மேட்ச்சுக்கு கமெண்ட்ரி கெடையாது, ஆளுங்களும் கம்மி. தள்ளுபடியில பாத்தா எடுத்துப் போட்டுக்குங்க. அண்டர்டேக்கர் மட்டும் அதுல வரமாட்டாருங்க, அது வேற கம்பெனி.