முதல் மூன்று ஆட்டமும் தோற்ற சென்னையின் எஃப்சி இந்த சீசனில் தேறுமா?

கேள்வி: "2023-24 ஐ.எஸ்.எல். கால்பந்து சீசனில் சென்னையின் எஃப்சி முதல் மூன்று ஆட்டத்தையும் தோற்றுவிட்டது. தாம்பரத்திலிருந்து ஒவ்வொரு ஹோம் ஆட்டத்துக்கும் வருகிறேன். இந்த டீம் தேறுமா, இல்லை டிக்கெட் காசையாவது மிச்சம் பிடிக்கலாமா?"

அக்டோபர் 7 சனிக்கிழமை மோகன் பகான் ஆட்டத்துக்கு நீங்கள் நேரில் வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நம் மிட்ஃபீல்டர் கிரிவெல்லாரோவின் ஃப்ரீ கிக் உள்ளே போய் 1-2 ஆனபோது நேரு ஸ்டேடியமே எழுந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் மூன்றாவது கோல் விழுந்ததும் என் வரிசையில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். அவர்களில் நீங்களும் ஒருவராக இருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன். தாம்பரம் பக்கத்தில் இல்லை. ஆனால் பாதியில் எழுந்து போவதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கோச்சிங் படித்தவன் இல்லை. 2014-ல் இந்த கிளப் தொடங்கியதிலிருந்து முடிந்த ஆட்டத்தையெல்லாம் நேரில் பார்த்தவன், அவ்வளவுதான். "இங்கிலாந்து லீக் பார்க்கிறவன் இதையெல்லாம் ஃபுட்பால் என்றே சொல்ல மாட்டான்" என்று கீழே எழுதப்போகிறவர்களுக்கும் இப்போதே சொல்கிறேன். அதையும் நான் பார்க்கிறேன். ஆனால் அந்த ஸ்டேடியங்களுக்கு நான் பெரம்பூரிலிருந்து பைக்கில் போக முடியாது. நேரு ஸ்டேடியம் இருக்கிற பெரியமேட்டுக்குப் போகலாம். என் ஊர் டீம் இதுதான்.

புள்ளிப் பட்டியலுக்கு வருவோம். ஒடிஷாவிடம் 0-2, கவுகாத்தியில் நார்த் ஈஸ்டிடம் 0-3, நம் ஊரில் மோகன் பகானிடம் 1-3. பார்க்க மோசமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த கிளப்பின் தொடக்க ஆட்டங்களை வைத்து அதன் சீசனைச் சொன்னவர்கள் பெரும்பாலும் தவறாகவே சொல்லியிருக்கிறார்கள். நாம் இரண்டு முறை சாம்பியன் ஆனோம். 2015-ல் முதல் ஆட்டத்தில் சென்னையிலேயே கொல்கத்தாவிடம் 2-3 என்று தோற்றோம். 2017-18-ல் முதல் ஆட்டத்தில் அதே ஸ்டேடியத்தில் கோவாவிடம் 2-3. கோப்பை வந்த இரண்டு சீசனும் சொந்த மண்ணில் ஒரே கணக்கில் தோற்றுத்தான் தொடங்கின. 2015-ல் ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்தோம். அப்புறம் வெள்ளம் வந்து, அரையிறுதியின் ஹோம் ஆட்டத்தைப் புனேவில் ஆடி, கோவாவில் நடந்த இறுதியில் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் வந்து 3-2 என்று ஜெயித்தோம்.

நல்ல தொடக்கத்தின் கதையும் உண்டு. 2021-22-ல் முதல் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தோம், மூன்றாவது டிரா. முதல் ஆட்டத்தில் நம்மிடம் 0-1 என்று தோற்ற ஹைதராபாத்தான் அந்த சீசனின் சாம்பியன். நாம் எட்டாம் இடம். அதற்கு முந்தைய சீசனும் எட்டு, அடுத்த சீசனும் எட்டு. ஆகவே மூன்று ஆட்டத்தை வைத்து "முடிந்தது" என்று சொல்ல வேண்டாம்.

நான் பார்ப்பது எப்படித் தோற்கிறார்கள் என்பதைத்தான். 2018-லும் 2019-லும் தொடக்கத்தில் தோற்றோம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. 2018-ல் நடப்பு சாம்பியன் நாம். அக்டோபர் 18, ஆயுத பூஜை. காலையில் பைக்கைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டு, சாயங்காலம் அதே பைக்கில் நார்த் ஈஸ்ட் ஆட்டத்துக்குப் போனேன். 3-1 என்று முன்னால் இருந்தோம். அவர்களின் ஒக்பேச்சே ஹாட்ரிக் அடித்தார், 3-4 என்று தோற்றோம். அன்றைக்கே எனக்கு அடிவயிறு கலங்கியது. டிஃபன்ஸில் ஒருவர் தவறு செய்தால் அடுத்தவர் வந்து மூடவில்லை. முந்தைய சீசனில் 9 கோல் அடித்த நம் ஸ்ட்ரைக்கர் ஜெஜேவுக்குப் பந்து ஒட்டவே இல்லை. அந்த சீசனை 18 ஆட்டத்தில் 9 புள்ளியோடு கடைசி இடத்தில் முடித்தோம்.

2019-ல் அப்படி இல்லை. முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. கோவாவிடம் 0-3, மும்பையோடு 0-0, கொல்கத்தாவிடம் 0-1, பெங்களூருவிடம் 0-3. ஆனால் நம் ஸ்ட்ரைக்கர் வால்ஸ்கிஸ் சரியான இடத்துக்கு வந்துகொண்டே இருந்தார். கிரிவெல்லாரோ பாஸ் போட்டுக்கொண்டே இருந்தார். பந்து உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். இதை நான் அப்போதே சொன்னேன் என்று பீற்றிக்கொள்ளவில்லை. சொல்லியும் அதை நம்பாமல் நடந்துகொண்டேன் என்பதுதான் உண்மை.

2019 நவம்பர் 25, திங்கட்கிழமை, ஹைதராபாத்தோடு ஐந்தாவது ஆட்டம். அன்றைக்கு அப்பாவை அழைத்துப் போயிருந்தேன். அப்பா பெரம்பூர் ரயில்வே கேரேஜில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்ன வயதில் எங்கள் பக்கத்து டீம் ஒன்றில் ஸ்டாப்பர் பேக், அதாவது நடு டிஃபண்டராக ஆடியவர். மூட்டுவலி வந்த பிறகு ஸ்டேடியம் பக்கம் வருவதே இல்லை. ஐந்து வருடமாகக் கூப்பிட்டு அன்றைக்குத்தான் வந்தார். ஆட்டம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. டிஃபண்டர்கள் நிற்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை மட்டும், "அந்தப் பையன் ஒரு அடி பின்னாடி நிக்கணும்" என்றார்.

88-வது நிமிடம், 0-0. எனக்குப் பொறுமை போய்விட்டது. மறுநாள் காலை ஆறு மணி ஷிஃப்ட். கூட்டம் கலைந்தால் அந்தப் படியில் அப்பாவை இறக்குவது கஷ்டம், பைக்கை எடுப்பதும் கஷ்டம். "வாப்பா, கிளம்பலாம். இவங்க இன்னைக்கும் அடிக்கப்போறதில்ல" என்றேன். அப்பா, "இருடா, விசில் அடிக்கட்டும்" என்றார். நான் அவர் கையைப் பிடித்து எழுப்பிவிட்டேன். அவர் மறுக்கவில்லை.

ஒவ்வொரு படியாக இறங்கி வெளி கேட்டைத் தாண்டியபோது உள்ளே ஒரு சத்தம் கிளம்பியது. அந்த சீசனில் நான் ஒருமுறைகூடக் கேட்டிராத சத்தம். நம் ஷெம்ப்ரி அடித்த கோல் அது, 92-வது நிமிடம். திரும்ப ஓடினேன். கேட்டில் இருந்தவர் விடவில்லை. வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடக்கூடாது என்பது அவருக்குச் சொல்லப்பட்ட விதி, அவர் மேல் தப்பில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளே சட்டென்று அடங்கியது. ஹைதராபாத்தின் கில்கேலன் சமன் செய்துவிட்டார். அப்பா காம்பவுண்டு சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் போனைத் தட்டிக்கொண்டிருந்தேன், நெட் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடியும் சத்தம், முன்னதைவிடப் பெரிது. 95-வது நிமிடம், வால்ஸ்கிஸ். 2-1. 88 நிமிடம் பார்த்த ஆட்டத்தின் மூன்று கோலையும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று காதால்தான் கேட்டோம்.

வரும் வழியில் நான் மன்னிப்புக் கேட்டேன். அப்பா பின்னால் உட்கார்ந்தபடி, "ரெண்டு வாட்டி கத்தினாங்கல்ல, ரெண்டும் நம்ம கோல்தானே?" என்றார். "ஆமாப்பா" என்றேன். "அப்ப சரி" என்றார்.

அந்த வாரமே ஒடிஷாவோடு 2-2. கோச் ஜான் கிரெகரி விலகினார். ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி என்ற நிலையில் டிசம்பரில் ஓவன் கோய்ல் வந்தார். அதன் பிறகு நடந்ததை இந்த கிளப்பைப் பார்க்கிற யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கொச்சிக்கே போய் கேரளாவை 6-3 என்று அடித்தோம். 29 புள்ளியோடு நான்காம் இடம் பிடித்தோம். அரையிறுதியில் கோவாவை நம் ஊரில் 4-1. நம்முடைய நான்கு கோலும் இரண்டாம் பாதியில்தான். அந்த ஆட்டத்துக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். முட்டி வீங்கியிருந்தது, டிவியில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஒவ்வொரு கோலுக்கும் போன் செய்தார். சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் எடுத்தேன். கோவாவில் 2-4 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் 6-5 என்று இறுதிக்குப் போனோம். மார்ச் 14 இறுதி ஆட்டம் கொரோனாவால் காலி ஸ்டேடியத்தில் நடந்தது. கொல்கத்தாவிடம் 1-3. வால்ஸ்கிஸ் 15 கோலோடு, அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட் வாங்கினார்.

அப்புறம் இரண்டு சீசனும் முழுக்கக் கோவாவிலேயே நடந்தன. அப்பா 2021 மே மாதம் போய்விட்டார். சென்னைக்கு ஆட்டம் திரும்பியது 2022 அக்டோபரில். அப்பா நேரில் வந்தது அந்த ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான்.

"ஒரு கோல் பார்க்காததற்கு இவ்வளவா" என்று யாராவது கேட்கலாம். கேளுங்கள். எனக்கு இவ்வளவுதான்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இந்த டீமைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "நம்ம ஊர்ப் பசங்களே இல்லையே, யாருக்காகக் கத்துறீங்க?" என்று ஒருவர் வந்துவிடுவார். வியாசர்பாடியிலிருந்து வந்த தனபால் கணேஷ் 2018-ல் கோப்பை வென்ற டீமில் இருந்தவர். நெய்வேலி எட்வின் 2019-20-ல் ஆடினார். 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்த நந்தகுமாரும் வட சென்னைப் பையன்தான். பசங்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை, அவர்களை ஆட விட ஆள் இல்லை. என் அக்கா மகன் பத்தாவது படிக்கிறான், லெஃப்ட் விங் ஆடுவான், இடது கால் அப்படி ஒரு கால். அவன் பள்ளியில் ஜூன் மாதத்திலிருந்து பி.டி. பீரியட் என்பது டைம்டேபிளில் மட்டும்தான் இருக்கிறது. கணக்கு டீச்சரும் சயின்ஸ் டீச்சரும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். மைதானத்தில் பாதி ஸ்கூல் வேன் நிறுத்த. மாவட்டப் போட்டிக்கு ஒருநாள் லீவு கேட்டுப் போன என் அக்காவிடம், "பையன் படிக்கணுமா, பந்து உதைக்கணுமா, நீங்களே முடிவு பண்ணுங்கம்மா" என்று சொல்லி அனுப்பினார்கள். அக்கா அழுதுகொண்டே வந்தாள். பத்தாவதில் மார்க் வேண்டும்தான், நானும் மறுக்கவில்லை. வாரத்தில் இரண்டு பீரியடையும் பிடுங்கினால் மார்க் எத்தனை கூடிவிடும் என்று யாராவது எனக்குச் சொல்லட்டும். பதினைந்து வயதில் நிறுத்தியவன் இருபது வயதில் எந்த டீமில் போய் ஆடுவான்? இதைச் செய்பவர்கள்தான் டீமில் தமிழ்ப் பையன் இல்லை என்றும் பேசுகிறார்கள்.

சரி, உங்கள் கேள்வி. இந்த மூன்று தோல்வி 2018 மாதிரியா, 2019 மாதிரியா? இரண்டும் கலந்து இருக்கிறது என்பது என் கணிப்பு. டிஃபன்ஸுக்கும் மிட்ஃபீல்டுக்கும் நடுவில் விழும் இடைவெளி என்னைப் பயமுறுத்துகிறது. மோகன் பகான் அந்த இடத்தில்தான் நிம்மதியாகப் பந்தை வாங்கித் திரும்பினார்கள். ஆனால் முதல் இரண்டு ஆட்டமும் வெளியூர், மூன்றாவதில் எதிரே நின்றது நடப்பு சாம்பியன். இந்த சீசனுக்குக் கோச்சாகக் கோய்ல் திரும்பி வந்திருக்கிறார். இடையில் ஜாம்ஷெட்பூரை 2021-22-ல் லீக் முதலிடத்துக்குக் கொண்டுபோனவர். கிரிவெல்லாரோவும் வந்திருக்கிறார். கோப்பை வரும் என்று நான் சொல்லவில்லை. முதல் ஆறு இடத்துக்குள் வரலாம் என்று நினைக்கிறேன். இந்த 2023-24 சீசனில் ஆறாவது இடம்வரை பிளே ஆஃப், அதாவது கோப்பைக்கான நாக் அவுட் சுற்று உண்டு. அடுத்த இரண்டு ஹோம் ஆட்டத்தில் அந்த இடைவெளி மூடுகிறதா என்று மட்டும் பாருங்கள். மூடினால் நம்புங்கள்.

அடுத்த ஆட்டம் அக்டோபர் 23-ம் தேதி, மறுபடியும் ஆயுத பூஜை நாள், மறுபடியும் ஹைதராபாத். நான் போகிறேன், அக்கா மகனையும் அழைத்துக்கொண்டு. இரவு 8 மணிக்குத் தொடங்கினால் விசில் அடிக்கும்போது பத்து மணியை ஒட்டி ஆகிவிடும். அங்கிருந்து பார்க் ஸ்டேஷன் நடக்கிற தூரம்தான். தாம்பரத்துக்கு அதற்கு மேலும் ரயில் இருக்கிறது.