பதில்: அப்பா சுகர் மாத்திரையை போடாம ஒளிச்சு வைக்கிறாரு
சிஸ்டர், அப்பா மாத்திரைய தலகாணி உறைக்குள்ள ஒளிச்சு வைக்கிறாரு, அம்மா போனதுல இருந்து யாருகிட்டயும் பேசறதில்ல, சாப்பாடும் பாதிதான்னு எழுதிருக்கீங்க, இத வெறும் பிடிவாதம்னு எடுத்துக்காதீங்க ப்ளீஸ். சுகர் உள்ளவங்களுக்கு டிப்ரஷன் வர்றது மத்தவங்கள விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு, அது வந்துட்டா மாத்திரை, வாக்கிங் எல்லாம் தானா விட்டுப்போகும், சுகர் ஏற ஏற உடம்பு இன்னும் அசந்துபோகும், திட்டினா இன்னும் நல்லா ஒளிப்பாரு அவ்ளோதான்.

முக்கியமா டாக்டர்கிட்ட "கரெக்டா போடறாரு"ன்னு சொல்லிடாதீங்க. எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட்) 10 இருக்கேன்னு அவர் டோஸ கூட்டிடுவாரு, அப்புறம் நீங்க பக்கத்துல நின்னு எல்லாத்தையும் போட வச்சா, அதுலயும் கிளிமிபிரைடு மாதிரி சுகர ரொம்ப இறக்கிடற மாத்திரை இருந்து சாப்பாடும் சரியா இல்லன்னா, லோ சுகர் ஆகி வேர்த்துக் கொட்டி மயங்கிடலாம். விட்ட டோஸ அப்படியே சொல்லுங்க. மெட்பார்மின்ங்கிற சுகர் மாத்திரைய ரொம்ப வருஷமா போடறாருன்னா வைட்டமின் பி12, கூடவே தைராய்டும் பாக்கச் சொல்லுங்க, அதுலயும் சோர்வு வரும்.

மனநல டாக்டர்கிட்டயும் காட்டுங்க, அவர் மாத்திரை குடுத்தா வேலை செய்ய சில வாரம் ஆகும், பாதில நிறுத்திடாதீங்க. அப்பா வர மாட்டேன்னா டெலிமானஸ்னு அரசோட மனநல உதவி போன் லைன் இருக்கு, 14416, இலவசம், தமிழ்லயே பேசுவாங்க, மொதல்ல நீங்க பேசுங்க. "இருந்து என்ன பிரயோஜனம்"னு சொன்னாருன்னு போட்டிருக்கீங்களே, அதான் எனக்கு பயமா இருக்கு, மாத்திரை, இன்சுலின் எல்லாத்தையும் உங்க கையில வச்சுக்கோங்க, இன்னிக்கே கூப்பிடுங்க.